வீரசோழனுக்கு எல்லாமே வெளியூர் மேட்ச்தான்

எனக்கு வயது நாற்பத்தைந்து. பத்து வயதிலிருந்து கால்பந்து பார்க்கிறேன். 1990 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் மாரடோனாவின் அர்ஜென்டினாவை கேமரூன் ஒரே ஒரு கோல் போட்டு மண்ணைக் கவ்வ வைத்ததை, பெரியத்தா வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில், முப்பது பேருக்கு நடுவே கழுத்தை எக்கிப் பார்த்தவன். அதற்கப்புறம் ஒரு உலகக் கோப்பையையும் விட்டதில்லை. ஆனால் இன்று வரை ஒரு ஸ்டேடியத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

இந்த முறை போயே தீருவது என்று முடிவு. அக்கா மகனும் வருகிறான். பதின்மூன்று வயது, பள்ளிக்கூட டீமில் கோல்கீப்பர். 'பையன் ஆசைப்படுறான்' என்று நான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். 'மாமாவுக்குத் துணைக்குப் போறேன்' என்று அவன் அவனுடைய அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறான்.

எங்கள் ஊர் வீரசோழனைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா, நரிக்குடிப் பக்கம். வாரச்சந்தைக்குப் பேர் போன ஊர். வானம் பார்த்த பூமி. கிருதுமால் என்று ஒரு நதி உண்டு. அதில் தண்ணீர் ஓடினால் ஊரே பாலத்தில் போய் நின்று வேடிக்கை பார்க்கும். கண்மாய் வற்றிய பிறகு அடுத்த மழை வரைக்கும் அந்தக் கண்மாய்தான் எங்கள் ஸ்டேடியம். சுற்றிலும் சீமைக்கருவேலம். கோடு தாண்டி வெளியே போகிற பந்து பஞ்சராகித்தான் திரும்பி வரும். சைக்கிள் கடைக்காரர் டியூபுக்குப் போட்ட ஒட்டைவிட எங்கள் பந்து பிளாடருக்குப் போட்ட ஒட்டு அதிகம்.

கீப்பருக்கு இதைவிடப் பெரிய கஷ்டம். பாய்ந்து விழ முடியாது. விழுந்தால் முள், இல்லையென்றால் வெடித்துக் கிடக்கும் களிமண் கட்டி. அதனால் எங்கள் ஊர் கீப்பர்கள் பரம்பரை பரம்பரையாக நின்றபடியே பந்து பிடிக்கிறவர்கள். பக்கவாட்டில் வருகிற பந்துக்குக் காலை நீட்டுவார்கள், இல்லாவிட்டால் அல்லாவிடம் விட்டுவிடுவார்கள். 'புல்லுத் தரையில கீப்பர் பாயுறத நேர்ல பாக்கணும் மாமா' என்பதுதான் அக்கா மகன் கேட்ட ஒரே விஷயம். கோல் விழுகிறதா, யார் ஜெயிக்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அப்புறம்.

சரி, எங்கே போவது? வெளியூர் ரசிகன் என்று உலகத்தில் ஒரு சாதி உண்டு. தன் டீம் எதிரி ஊருக்குப் போகும்போது பின்னாலேயே போகிறவர்கள். இங்கிலாந்தில் அவர்களுக்கு மைதானத்தில் தனி மூலையே ஒதுக்குகிறார்கள். பிரீமியர் லீகில் வெளியூர் ரசிகரின் டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று 2016-17 சீசனிலிருந்து உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் பல ஊர்களில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் அந்த ஊர் ரயிலிலும் பஸ்ஸிலும் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: வீரசோழன்காரனுக்கு எல்லா மேட்ச்சும் வெளியூர் மேட்ச்தான். நம்முடைய டீம் சொந்த மைதானத்தில் ஆடினாலும் நாம் ஒரு ராத்திரி ரயிலில் போக வேண்டும். ஆனால் அந்த மூலையும் உச்சவரம்பும் நமக்குக் கிடையாது.

சொந்த மாவட்டத்திலேயே ஒரு சாம்பியன் இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது. காரியாபட்டிப் பக்கத்துக் கல்லூரியோடு சேர்ந்து வளர்ந்த சேது எஃப்சி, 2019-ல் இந்தியப் பெண்கள் லீகை ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று அடித்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வருகிற ஊரின் டீம். ஆனால் அந்த இறுதி ஆட்டம் நடந்தது பஞ்சாபில், லூதியானாவில். நாங்கள் பேப்பரில் படித்தோம். அதுவும் ஒரு சின்னப் பத்தி.

அதனால் சென்னை. கொச்சிக்குப் போகலாம் என்று ஒரு யோசனை இருந்தது. தேனி, குமுளி, கோட்டயம் என்று மலை ஏறி இறங்கினால் போய்விடலாம், கூட்டமும் சென்னையைவிட அங்கே அதிகம். ஆனால் அங்கே போய் நாங்கள் யாருக்குக் கை தட்டுவது? கேரளா பிளாஸ்டர்ஸுக்கா? பழகிய வாய் ஒத்துக்கொள்ளாது. நான் 2014-லிருந்து சென்னையின் எஃப்சி ஆள். அந்த டீமைத் தொடங்கிய வருஷத்திலிருந்து, மெட்டராசி கோச்சாக இருந்த நாளிலிருந்து. 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜிதான் தலையால் முட்டி விழுத்திய அதே மெட்டராசிதான்.

நான் போகாமலே இருந்ததற்கு சோம்பல் மட்டும் காரணம் இல்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

2015 டிசம்பரில் எல்லாம் தயாராக இருந்தது. சென்னையின் எஃப்சி அரையிறுதிக்கு வந்துவிடும் போலிருந்தது.  வந்தால் ஒரு ஆட்டம் சென்னையில். ஜெராக்ஸ் கடையை இரண்டு நாள் பார்த்துக்கொள்ளத் தம்பியைப் பிடித்து வைத்துவிட்டேன். அத்தாவிடம் 'சென்னையில ஒரு வேலை இருக்கு' என்று அரை உண்மை சொல்லியாயிற்று. டிசம்பர் 1-ம் தேதி மழை வெளுத்தது. அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. ரயில் நின்றது, விமான நிலையம் மூடியது. அரையிறுதிக்கு வந்தும், அந்த ஆட்டத்தை சென்னையில் நடத்த முடியாது என்று புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டிசம்பர் 12-ம் தேதி ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஆடி, முந்தின வருஷ சாம்பியனான கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். மழைக்காகப் பள்ளிவாசலில் துஆ கேட்கிற ஊர் எங்களுடையது. எங்கள் ஊர்க்காரன் ஒருவனின் பயணம் மழையால் கெட்டது என்று சொன்னபோது அத்தா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தச் சீசனின் இறுதி ஆட்டத்தை வீட்டில்தான் பார்த்தேன். கோவாவில் கோவாவோடு. 87-வது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முந்தியது. நான் எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து தம்பி கத்தினான். ஓடி வந்தேன். 90-வது நிமிஷம், கோவா கீப்பரே பந்தைத் தன் வலைக்குள் தட்டிவிட்டிருந்தார். மூச்சு விடுவதற்குள் நம் மெண்டோசா அடுத்ததையும் போட்டார். 3-2. கோப்பை. சமன் செய்த கோலை நான் பார்க்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

2018-ல் மறுபடி சாம்பியன். அந்த அரையிறுதி சென்னையிலேயே நடந்தது, கோவாவை 3-0. வியாசர்பாடிக்காரர் தனபால் கணேஷ் ஒரு கோல் போட்டார். மார்ச் 13, செவ்வாய்க்கிழமை. பொதுத்தேர்வு சமயத்தில் ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டு எவனாவது ஊரை விட்டுப் போவானா? அப்புறம் கொரோனா. இரண்டு சீசனை மொத்தமாக கோவாவில், பெரும்பாலும் ஆளில்லாத மைதானத்தில் நடத்தினார்கள். காலி நாற்காலிகளை டிவியில் பார்க்கும்போது, எனக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று அற்ப சந்தோஷம்.

இனி திட்டம். இணையத்தில் இருக்கிற யோசனைகள் எல்லாம் முதலில் மேட்ச் டிக்கெட் எடு, அப்புறம் போக்குவரத்து, அப்புறம் தங்கும் இடம் என்று வரிசை போடுகின்றன. அவை நகரத்துக்காரர்கள் எழுதியவை. எங்கள் பக்கத்தில் திட்டத்தைக் கடைசி விசிலிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும்.

சென்னையின் எஃப்சி ஆடுகிற ஐஎஸ்எல் லீகில் மேட்ச் பெரும்பாலும் ராத்திரி ஏழரைக்கு. இடைவேளை, காயத்துக்குக் கூட்டிக் கொடுக்கிற நேரம் எல்லாம் சேர்த்து முடிய ஒன்பது இருபது, ஒன்பதரை. மதுரை போகிற பாண்டியன் எக்ஸ்பிரஸ் பத்து மணிக்கு முன்னாலேயே கிளம்பிவிடும். மேட்ச் நடக்கிற நேரு ஸ்டேடியத்திலிருந்து எழும்பூர் பக்கம்தான், ஒரு ஓட்டம் ஓடினால் பிடித்துவிடலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். பிடிக்கலாம். எண்பதாவது நிமிஷத்தில் எழுந்து ஓட வேண்டும். 2015-ல் வாசலில் போய் நின்றவன் மறுபடி அந்தத் தப்பைச் செய்ய மாட்டான். முப்பத்தைந்து வருஷம் காத்திருந்து போய்விட்டு, கடைசிப் பத்து நிமிஷத்தை ரயிலுக்குக் கொடுப்பதாக இல்லை.

அடுத்த வழி பஸ். தெற்கே போகிற பஸ்ஸெல்லாம் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து. சென்ட்ரலுக்கு எதிரே பூங்கா ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, வண்டலூரில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ். பதினோரு மணிக்கு மேல் ஆகிவிடும். மதுரை பஸ் ராத்திரி முழுக்க இருக்கும் என்கிறார்கள். தனியாள் என்றால் செய்வேன். தூக்கம் வந்தால் நின்றுகொண்டே சாய்கிற பையனை வைத்துக்கொண்டு இதெல்லாம் வேண்டாம்.

ஆக, ஏழரை மணி மேட்ச் எங்களுக்கு இல்லை. சனி, ஞாயிறுகளில் சில சமயம் இரண்டு மேட்ச் வைப்பார்கள். முதல் மேட்ச் சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கு. அது சென்னையில் அமைகிற ஒரு நாள்தான் எங்கள் நாள். ஏழரைக்குள் முடிந்துவிடும். பெரியமேட்டில் பரோட்டாவோ பிரியாணியோ சாப்பிட்டுவிட்டு நிதானமாக நடந்தே எழும்பூர் போகலாம். தொழுகைக்கும் பெரியமேடு பள்ளிவாசல் இருக்கிறது. ஆட்டத்துக்கு நடுவில் வருகிற மஃரிபை என்ன செய்வது என்பதை நானும் அல்லாவும் பேசிக்கொள்கிறோம்.

போகிற வழிக்கு இரண்டு யோசனை. பார்த்திபனூர் போய் ராமேஸ்வரம் ரோட்டைப் பிடித்து மானாமதுரை. அங்கே ராமேஸ்வரத்திலிருந்து சென்னை போகிற ராத்திரி வண்டி. இல்லையென்றால் செங்கோட்டையிலிருந்து வருகிற சிலம்பு எக்ஸ்பிரஸ். அது அருப்புக்கோட்டை, மானாமதுரை, காரைக்குடி வழியாகப் போகிறது. ஆனால் வாரத்துக்கு மூன்று நாள்தான். எனக்கு சிலம்பு பிடிக்கும். காரைக்குடிக்குப் பக்கத்தில்தான் கண்டனூர். சிவசக்தி நாராயணன் பிறந்த ஊர். 2022 டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில், கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், பெங்களூருவுக்காக மும்பையின் வலையில் முதல் கோலைப் போட்ட பையன். நம் பக்கத்து வெயிலில் வளர்ந்தவன். அக்கா மகன் அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பிக் காட்டுவேன். இருட்டில் என்ன தெரியும் என்று கேட்பான், கேட்கட்டும்.

ரயிலில் ஒரு கவனம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கை 2024 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். முன்னெல்லாம் மேட்ச் அட்டவணை வருவதற்கு முன்பே குத்துமதிப்பாக டிக்கெட் போட்டு வைப்பார்கள். அந்த வேலையே வேண்டாம் என்பேன். 2025 ஜூலையில், கால்பந்து சங்கத்துக்கும் லீகை அப்போது நடத்தியவர்களுக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் சீசனையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். செப்டம்பரில் தொடங்க வேண்டியது. அட்டவணை கைக்கு வந்து, சென்னை, சாயங்காலம் என்று உறுதியான பிறகே ரயில். அதுவும் டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று போட்டிருக்கிறதோ அதை இரண்டு தடவை பாருங்கள். எழும்பூரைப் புதுப்பிக்கிற வேலையில் சில வண்டிகளைத் தாம்பரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். எழும்பூரில் நின்றுகொண்டு தாம்பரத்து வண்டியைத் தேடுகிற ஆளாகிவிடக் கூடாது.

எங்கே உட்காருவது என்பதில் மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரு வாரம் சண்டை. அவனுக்கு கோலுக்கு நேர் பின்னால் வேண்டும். நேரு ஸ்டேடியம் கால்பந்துக்கென்றே கட்டியது இல்லை. மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் போகிறது. கோலுக்குப் பின்னால் கீழே உட்கார்ந்தால், தடத்தையும் தாண்டிக் கீப்பரின் முதுகுதான் தெரியும். பக்கவாட்டில், மேலே, ஒரு பெனால்டி பாக்ஸுக்கு நேராக உட்காருவோம் என்றேன். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள். இரண்டு டீம் கீப்பரையும் ஆளுக்கு முக்கால் மணி நேரம் பார்த்துவிடலாம். 'ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு கீப்பர்' என்றதும் விழுந்தான். சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் என்று கொட்டடித்துப் பாடுகிற ரசிகர் கூட்டங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு நடுவில் உட்கார எனக்கு ஆசைதான். ஆனால் தொண்ணூறு நிமிஷமும் நின்றுகொண்டே பார்க்க வேண்டியிருக்கும். என் முழங்காலோடு பேசிவிட்டுச் சொல்கிறேன்.

(இதே இடத்தில் பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தபோது, 1956 ஜனவரியில், நியூசிலாந்துக்கு எதிராக மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் அடித்தார்கள். அந்த உலக சாதனை 52 வருஷம் நின்றது. கால்பந்து பதிவில் கிரிக்கெட் எதற்கு என்றால், அத்தா அனுமதி கொடுத்ததே 'மன்கட் ஆடுன எடமா? போயிட்டு வாங்க' என்று இதைக் கேட்ட பிறகுதான்.)

அக்காதான் கடைசி வரை மசியவில்லை.

'ஏன்டா தம்பி, கரூர்ல என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல? பெங்களூர்ல என்ன ஆச்சு? பச்சப்புள்ளைய கூட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போறேங்கிற.'

என்ன பதில் சொல்வது? 2025 ஜூனில் பெங்களூரு மைதானத்து வாசலில் நெரிசலில் இறந்தது பதினொரு பேர். செப்டம்பரில் கரூர் நெரிசலில் நாற்பத்தொரு பேர். கால்பந்திலும் நடந்திருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன், மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். பதினாறு பேர் வீடு திரும்பவில்லை. 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா' என்று சொல்வது சுலபம். நான் சொல்லவில்லை. உட்கார்ந்து பேசினோம். கதவு திறக்கிற நேரத்துக்கே உள்ளே போய்விடுவது. டிக்கெட்டில் போட்டிருக்கிற கேட்டைத் தவிர வேறு கேட்டுப் பக்கம் கூட்டம் ஓடினாலும் போகாமல் இருப்பது. மேட்ச் முடிந்ததும் இருபது நிமிஷம் இடத்தைவிட்டு எழாமல் இருப்பது. என் நம்பரும் அக்கா நம்பரும் எழுதிய தாள் பையன் சட்டைப் பையில். போனில் சார்ஜ் இருக்கும் என்று நம்புகிற வேலை இல்லை. கை தவறினால் சந்திக்க ஒரு இடம். அதை உள்ளே போகிறபோதே அவனிடம் காட்டிவிடுவது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'அந்தத் தாள நானே எழுதித் தர்றேன்' என்றாள். அதுதான் சம்மதம்.

உள்ளே பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் எல்லாம் விடமாட்டார்கள். ராத்திரி ரயிலில் வருகிறவனிடம் பை இல்லாமல் எப்படி? ரயில்வே கிளோக் ரூம் இருக்கிறது. டிக்கெட்டைக் காட்டினால் வைத்துக்கொள்வார்கள். ஆனால் பூட்டுப் போட்ட பையாக இருக்க வேண்டும். நாங்கள் போட்ட கணக்கில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மஞ்சப்பை. மஞ்சப்பைக்கு எங்கே பூட்டுப் போடுவது? அதனால் ஜிப் வைத்த பை ஒன்றும், எண்பது ரூபாய்க்குச் சின்னப் பூட்டு ஒன்றும் செலவுக் கணக்கில் ஏறியிருக்கின்றன. மொத்தம் ஐயாயிரத்துக்குள் முடிக்க வேண்டும். சாத்தூர் சேவும் அதிரசமும் வீட்டிலிருந்து வருவதால் முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாம் சரியாகி வந்த நேரத்தில் போன வாரம் ஒரு சிக்கல். மாப்பிள்ளை 'போட்டுட்டுப் போற ஜெர்சி' என்று ஒன்றை எடுத்துக் காட்டினான். தமாமிலிருந்து அவன் அத்தா வாங்கி அனுப்பியது. பளீரென்று மஞ்சள். முதுகில் 7. சிஎஸ்கே.

'சென்னைதான மாமா?' என்கிறான்.

சென்னைதான். தோனி சென்னையின் எஃப்சியில் பங்குதாரரும்தான். ஆனால் நம் கால்பந்து டீம் நீலம். மஞ்சள் கேரளா பிளாஸ்டர்ஸ். ஐந்து மணி மேட்ச்சில் எதிரே கேரளா வந்து அமைந்துவிட்டால், நம் பையன் நம் கூட்டத்துக்கு நடுவில் எதிரி உடுப்பில் உட்கார்ந்திருப்பான். மதுரையில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். பார்சிலோனா இருக்கிறது, அர்ஜென்டினா இருக்கிறது, ரொனால்டோவின் சவுதி கிளப்கூட இருக்கிறது, அதுவும் மஞ்சள்தான். சென்னை நீலம் இல்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் யாரிடமாவது பதின்மூன்று வயதுப் பையனுக்குச் சேருகிற நீல ஜெர்சி பழையதாகக் கிடந்தால் வீரசோழனுக்குக் கொடுத்துவிடுங்கள். போட்டுவிட்டு, துவைத்து, அதிரசத்தோடு திருப்பித் தருகிறோம்.